ஆடுகளமும் வீட்டுவாயிலும் கற்பித்தவை

விழா மலர்களில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் சான்றோர் ஒருவரின் வரலாற்றையோ, கல்லூரி வளர்ந்த வகையையோ, கல்வியின் நோக்கத்தையோ பொருளாகக் கொள்வர். அஃது ஏற்ற முறையே. ஆயினும், வாழ்க்கையிற் கற்ற பாடங்களுள் இளைஞர்க்குப் பயன்படுவது ஒன்றை எழுதுமாறு மலர்க் குழுவினர் என்னைப் பணித்தபோது, என் நெஞ்சில் முதலிலே தோன்றியவை இரண்டு. ஒன்று, எம் நாட்டில் ஆடுவோர் மிகச் சிலரேயாகிய பேஸ்போல் என்னும் பந்தாட்டம். மற்றையது, இதனை எழுதும் இவ்வேளையிலும் என் காலடியிற் படுத்திருக்கும் நாய். "நாற்பது ஆண்டு ஆசிரியத் தொழில் புரிந்தவருக்குச் சொல்ல வேறொன்றும் கிடைக்கவில்லையோ?" என நண்பர் நகைக்கலாம். நகைத்த பின்னர் இறுதிவரை படிக்குமாறு வேண்டுகின்றேன்.

நான் பிறந்து வாழும் ஊர் சொறிக்கல்முனை. கல்முனையிலிருந்து மேற்கே வயல்வெளிகளையும் கிட்டங்கித் தாம்போதியையும் கடந்து வருவோர்க்கு, திருச்சிலுவைத் திருத்தலம் உள்ள ஊர் என்றால் எளிதில் விளங்கும். மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும் நாள்களில் எமக்கும் பட்டினத்துக்கும் தொடர்பு அற்றுப்போகும். அவ்வூரிலிருந்து இந்துக் கல்லூரிக்குப் படிக்க வந்த என்னோடு, காரைதீவுச் சைவப் பிள்ளை ஒருவனும் மருதமுனை முஸ்லிம் பிள்ளை ஒருவனும் ஒரே வாங்கில் இருந்தனர். மாலையில் மூவரும் ஒரே அணியில் எல்லே ஆடினோம். கையிலே ஒரு பொல்லு. எதிரே ஒரு பந்து. அடிப்பதற்கு மூன்று வாய்ப்பு. அடித்தால் நிலைகளைச் சுற்றி ஓடவேண்டும். ஓடும்போது பந்து மேலே பட்டால் ஆட்டம் இழந்தோம். இவ்வளவே அதன் இலக்கணம்.

மட்டக்களப்புப் பகுதியிலே அமெரிக்க நாட்டு இயேசு சபைத் துறவியர் கல்வித் தொண்டோடு விளையாட்டையும் வளர்த்தமை யாவரும் அறிந்தது. மட்டக்களப்பு நகரின் வெபர் விளையாட்டரங்கு, அவர்களுள் ஒருவராகிய அருட்தந்தை ஹரல்ட் வெபர் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. கூடைப்பந்தாட்டம் பயிற்றிய அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் அவர்கள் 1990 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 இல், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் சென்ற வழியில் உடன்சென்ற தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். இன்றுவரை அவர் மீளவில்லை. அத்தகைய துறவி ஒருவர் எம் சிறுபிராயத்தில் ஒருநாள் நாங்கள் எல்லே ஆடுவதைக் கண்டு, "இதற்கு எங்கள் ஊரிலே ஓர் அண்ணன் உண்டு" என்று கூறி, மணலிலே நாற்சதுரம் ஒன்றைக் கீறிப் பேஸ்போல் ஆட்டத்தை விளக்கினார். அன்று தொடங்கிய பித்து இன்னும் தெளியவில்லை. அமெரிக்காவிலே மாலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது எமக்கு விடியற்காலை நாலரை மணி. நாயோடு உலாவப் புறப்படும் வேளையும் அதுவே. கைத்தொலைபேசியிலே ஓட்டக் கணக்கு ஓட, முன்னே நாய் நடக்க, வயல் வரம்பிலே என் நாள் தொடங்குகின்றது.

இனி, அவ்வாட்டம் கற்பித்தவற்றுக்கு வருவோம்.

கிரிக்கெற்றிலே நூறு ஓட்டம் பெறுபவனைப் புகழ்ந்து பழகிய எமக்குப் பேஸ்போல் கணக்கு முதலில் வியப்பளிக்கும். அங்கே பத்து முறை அடிக்க வந்து மூன்று முறை நன்கு அடித்து முதலாம் நிலையை அடைபவன் சிறந்த வீரன் எனப்படுவான். எஞ்சிய ஏழு முறையும் அவன் வெறுங்கையோடு மீள்கின்றான். ஒரு பருவத்தில் ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடும். முதன்மை பெறும் அணியும் அவற்றுள் ஏறத்தாழ அறுபதிலே தோற்றிருக்கும். பேப் ரூத் என்பார் 714 முறை எல்லைக்கு அப்பால் அடித்துப் பெரும்புகழ் எய்தினார். அவரே 1,330 முறை பந்தைத் தொடவும் இயலாது வீழ்ந்தார். அவர் ஓய்வு பெற்றபோது அங்ஙனம் வீழ்ந்தோருள்ளும் அவரே முதல்வர்! இரண்டு கணக்கும் ஒரே மனிதருடையவை. ஒரே ஏட்டில் எழுதப்பட்டவை. வீழ்ச்சியை மறைத்து வெற்றியை மட்டும் எழுதியிருந்தால், அம்மனிதர் எத்துணைமுறை எழுந்து வந்தார் என்பது எமக்குத் தெரியாமற் போயிருக்கும்.

அவ்வாட்டத்தின் கணக்குப் பலகையிலே மூன்று நிரல்கள் உண்டு: ஓட்டங்கள், அடிகள், தவறுகள். தவறுக்கும் ஒரு நிரல் ஒதுக்கியிருக்கும் நேர்மையைக் கருதுக. இதனிலும் நுட்பமானது ஒன்று உளது. தன் தோழன் அடுத்த நிலைக்கு முன்னேறும் பொருட்டு ஒருவன் வேண்டுமென்றே பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தான் ஆட்டமிழப்பான். அதனை அவர்கள் 'தியாகம்' என்றே பெயரிட்டு ஏட்டில் எழுதுகின்றனர். அவனது அடிக்கணக்கிலே அம்முறை குறைவாகச் சேர்க்கப்படுவதில்லை. பிறர் பொருட்டு விட்டுக்கொடுத்தவனுக்கு நட்டம் எழுதாத கணக்கு அது. எம் சமுதாயத்தின் கணக்குப் புத்தகங்களில் அத்தகைய நிரல் ஒன்று உண்டோ? தம்பியைப் படிப்பிப்பதற்காகத் தான் படிப்பை விட்ட தமக்கையர் எத்துணை பேர் எம் ஊர்களிலே உளர்! அவர்களின் பெயர் எந்தப் பரிசளிப்பு விழாவிலே வாசிக்கப்பட்டது?

1941 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றை மாணவர்க்குச் சிறப்பாகக் கூற விரும்புகின்றேன. பொஸ்ரன் அணியைச் சேர்ந்த ரெட் வில்லியம்ஸ் அப்போது இருபத்துமூன்று வயதினர். பருவத்தின் இறுதிநாளாகிய செப்டெம்பர் 28 அன்று அவருடைய அடி விகிதம் மிக நுண்ணிய பின்னத்தால் மட்டுமே பத்துக்கு நான்குக்குக் குறைந்திருந்தது. முழுமைப்படுத்தினால் நான்கு என்றே ஏட்டில் ஏறும். "இன்று ஆடாது இருந்துவிடலாம்" என முகாமையாளர் இடமளித்தார். அவர் இணங்கவில்லை. அன்று பிலடெல்பியாவிலே நடந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடி, எட்டு முறையில் ஆறு முறை நன்கு அடித்தார். விகிதம் 0.406 ஆக உயர்ந்தது. அதன்பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும், அவர் ஆடிய பெருங் குழுவில் எவரும் ஒரு முழுப் பருவத்தில் பத்துக்கு நான்கை எட்டவில்லை. அன்று அவர் தவறியிருந்தாலும் நான் அவரைப் புகழ்ந்தே எழுதியிருப்பேன். பின்னத்தின் நிழலில் ஒதுங்கிப் பெறும் பெருமை தமக்கு வேண்டாம் என்றமையே அங்கே பெரிது. எமது மாணவர் சிலர் கடினமான பாடத்தைத் தவிர்த்து, புள்ளி எளிதில் வரும் பாடத்தை நாடுவதைக் காணும்போதெல்லாம் அந்தச் செப்டெம்பர் மாதத்து மாலை என் நினைவுக்கு வரும்.

லூ கெரிக் என்னும் மற்றொரு வீரர் 1925 ஆம் ஆண்டு முதல் 2,130 ஆட்டங்களில் ஒன்றையும் விடாது ஆடினார். உடலைச் செயலிழக்கச் செய்யும் கொடிய நரம்பு நோய் அவரை அறியாமலே அவரைப் பற்றியது. 1939 ஆம் ஆண்டு மே 2 ஆம் நாள், தம்மால் அணிக்குத் தீங்கு நேரக்கூடாது எனக் கருதித் தாமே முகாமையாளரிடம் சென்று, தம் பெயரை நீக்குமாறு வேண்டினார். இரு மாதங்களின் பின் ஆடுகளத்தில் நடந்த பிரியாவிடையிலே, தாம் நற்பேறு பெற்றவர் என்றே மக்களிடம் கூறினார். 1941 இல் மறைந்தார். நாள்தோறும் தவறாது வருதல் ஒரு பெருமை. விலகவேண்டிய நாளிலே முறையோடு விலகுதல் அதனிலும் பெருமை.

நாள்தோறும் செய்யும் சிறு வேலையின் பெருமைக்கு அமெரிக்காவரை செல்லவேண்டுவதில்லை. எம் அயலூராகிய காரைதீவிலே 1892 இல் தோன்றிய சுவாமி விபுலானந்த அடிகளார், 'யாழ் நூல்' என்னும் இசைத்தமிழ் ஆராய்ச்சிக்குப் பதினான்கு ஆண்டுகளை ஈந்தார். அது 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். அப்பதினான்கு ஆண்டுகளிலும் அவரைப் பாராட்டிக் கைதட்டியோர் எத்துணை பேர் இருந்திருப்பர்? கைதட்டல் இல்லாத நாள்களிலும் வேலை நடந்தது. நூல் அதனால் உண்டாயிற்று.

இனி நாயின் கதை. என் நாயின் பெயர் வீமன். அப்பெயரைச் சூட்டிய நாளில் அது எலும்பும் தோலுமாய் ஓர் உள்ளங்கையில் அடங்கியது. மாரிக்கால விடியல் ஒன்றிலே கிட்டங்கித் தாம்போதிக் கரையில் கட்டப்பட்ட உரப்பை ஒன்று அசையக் கண்டு அவிழ்த்தேன். மூன்று குட்டிகளுள் இரண்டு இறந்திருந்தன. எஞ்சியதை மடியிற் கட்டிக்கொண்டு வந்தேன். மனிதன் கட்டிய முடிச்சிலிருந்து தப்பிய அந்த உயிர், அன்று மாலையே மனிதனாகிய என் கையை நக்கியது. அதற்கு முன்பு நான் நாய் வளர்த்தவனல்லன்.

நாயைப் பற்றி எம் முன்னோர் இரு வகையாகவும் பேசினர். இழிந்ததற்கு உவமையாகக் கூறியதும் உண்டு. ஆயினும், யானையனையவரின் நட்பைவிட நாயனையவரின் நட்பே கொள்ளத்தக்கது என நாலடியார் கூறுகின்றது. பாரதத்தின் முடிவிலே தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகத் தருமன் மறுத்தான். கத்தோலிக்கர் ஓதும் தோபித்து ஆகமத்திலே இளைஞன் தோபியாவின் பயணத்தில் ஒரு நாயும் உடன் செல்கின்றது. தாகத்தால் வாடிய நாய்க்குக் கிணற்றிலிறங்கிப் பாதணியில் நீர் மொண்டு ஊட்டியவனுக்கு இறைவன் பாவம் பொறுத்தான் என்பதை என் மருதமுனை நண்பனே எனக்குச் சொன்னான். அவன் தன் நெறியின்படி நாயைத் தொடுவதில்லை, ஆனால் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் வீமனின் சட்டியிலே நீர் உளதோ என்று பார்க்கத் தவறுவதுமில்லை. தொடுவது வேறு, இரங்குவது வேறு என்பதை அவனிடமே கற்றேன்.

யப்பானிய நாட்டு ஹச்சிக்கோவின் கதையைப் பலர் அறிவர். தோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உவேனோ 1925 ஆம் ஆண்டு மே மாதத்திலே பணியிடத்தில் இறந்தார். அவரை ஷிபுயா நிலையத்திலே எதிர்கொண்டு பழகிய அந்நாய், 1935 ஆம் ஆண்டு மார்ச் 8 இல் தான் இறக்கும்வரை, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அங்கே வந்து காத்திருந்தது. அதற்குச் சிலை வைத்தார்கள். வீமனுக்குச் சிலை எதுவும் வேண்டாம். ஆயினும் அதன் குணமும் அதுவே. நான் அதிபராக உயர்ந்த நாளிலும், பின்னர் ஒரு குற்றச்சாட்டினால் மனம் நொந்து வீடு திரும்பிய நாளிலும் அது ஒரே விதமாகவே வாலாட்டியது. என் பதவியும் தெரியாது, என் பழியும் தெரியாது. என் வருகை மட்டுமே அதற்குத் தெரியும்.

இவ்விரண்டு பாடங்களும் ஒன்றாய் இணைந்த நாள் ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் என் மகளின் மகன் சாதாரண தரப் பரீட்சையிலே கணிதத்தில் சித்தியெய்தவில்லை. பெறுபேறு வந்த அன்று வீட்டிலே எவரும் அவனைக் கடிந்து பேசவில்லை. எவரும் பேசவேயில்லை என்பதே கொடுமை. அயலவர் வந்து படலையடியிலே நின்று, குரலைத் தாழ்த்தி விசாரித்துச் சென்றனர். சந்தியிலே ஒரு தனியார் வகுப்பின் விளம்பரப் பதாகையில், ஒன்பது பாடத்திலும் அதிவிசேட சித்தி பெற்றோரின் முகங்கள் நிரையாகச் சிரித்தன. மாலையில் அவனைக் காணவில்லை. தாய் பதறினாள். வீமனையும் காணவில்லை என்பதை நான் கண்டேன். வயல் வாய்க்காற் கட்டிலே இருவரும் இருந்தனர். நாய் அவன் மடியிலே தலையை வைத்திருந்தது.

அருகே அமர்ந்து, பேப் ரூத்தின் 1,330 வீழ்ச்சிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அவன் சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, "அம்மப்பா, அந்த ஆட்டத்திலே அடுத்த முறை அடிக்க வாறவனைக் கண்டு ஆக்கள் முகத்தைத் திருப்புவினமோ?" என்றான். எனக்கு விடை வரவில்லை. ஆசிரியனாக நாற்பது ஆண்டு மேடையேறிப் பேசிய எனக்கு அவ்வொரு வினாவுக்கு விடையில்லாமற் போயிற்று. ஏனெனில், அவனிடம் அன்று முகம் திருப்பாத உயிர் அம்மடியிலே கிடந்த ஒன்றே. மறுநாள் காலை நான் அவனை அழைத்துக்கொண்டு சந்திவரை நடந்தேன், கண்டவரோடெல்லாம் வழமைபோற் பேசினேன், அவனையும் பேசவைத்தேன். என்னாற் செய்ய முடிந்தது அவ்வளவே. அவன் மீண்டும் எழுதிச் சாதாரண சித்தி பெற்றான். இன்று மின்னிணைப்பு வேலை செய்கின்றான். அவனுடைய படம் எந்தப் பதாகையிலும் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை.

ஆதலால் என் கருத்தை வெளிப்படையாகக் கூறுகின்றேன். திறமையைப் பாராட்டுதல் வேண்டும், அதில் ஐயமில்லை. நன்கு கற்றவனை நன்கு கற்றான் என்று சொல்லாத கல்லூரி தன் கடமையைச் செய்ததாகாது. ஆனால் திறமையை மட்டுமே பாராட்டி, எழுந்து வந்தவனைக் காணாதிருத்தல் அரைக் கணக்கு எழுதுவதாகும். மாலை நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் தனியார் வகுப்புகளுக்கே உரியனவாகி, ஆடுகளங்களிலே புல் முளைத்துக் கிடக்கும் ஊர்களை நான் அறிவேன். தோற்பதைப் பிள்ளைகள் எங்கே பழகுவர்? ஆடுகளத்திலே தோற்பது சிறிய தோல்வி. மாலையோடு கழுவப்படும் தோல்வி. அதைப் பழகாதவன் வாழ்வின் முதலாவது பெரிய தோல்வியைச் சந்திக்கும்போது, அதுவே முடிவு என எண்ணிவிடுகின்றான். அங்ஙனம் எண்ணிய பிள்ளைகளின் செய்திகளைப் பெறுபேறு வெளிவரும் காலங்களில் நாம் வாசித்திருக்கின்றோம். இது வெறும் விளையாட்டுப் பேச்சன்று.

நாய் வளர்ப்பவன் என்ற முறையிலும் ஒன்று கூறவேண்டும். அன்பு மட்டும் போதாது, பொறுப்பும் வேண்டும். விசர்நாய்க்கடி நோய் கண்டபின் அதிலிருந்து பிழைத்தவர் மிக அரியர். ஆயின் முன்னரே தடுக்கக்கூடியது. 1885 ஆம் ஆண்டு ஜூலை 6 இல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் அம்மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி இடுதலும், கடித்த இடத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு நன்கு கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதலும் எல்லாரும் அறியவேண்டியவை. குட்டிகளை உரப்பையிற் கட்டி எறிபவன் கொடியவன் மட்டுமல்லன். தெருநாய்ப் பெருக்கத்துக்கும் அவனே காரணன். கருத்தடைச் சிகிச்சை இருக்கும்போது உரப்பை எதற்கு?

பாஸ்டர் மறைந்தது 1895 ஆம் ஆண்டு செப்டெம்பர் 28. அந்நாளையே உலக விசர்நாய்க்கடி நோய் எதிர்ப்பு நாளாகக் கொள்கின்றனர். ரெட் வில்லியம்ஸ் பின்னத்தில் ஒதுங்காது ஆடியதும் செப்டெம்பர் 28. மாரிக்கு முந்திய அந்நாள்களில் எம் பகுதியின் ஆடுகளங்கள் உலர்ந்திருக்கும். எனவே பழைய மாணவர் சங்கத்தார்முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றேன். ஆண்டுதோறும் அந்நாளை ஒட்டிய சனிக்கிழமையிலே, கால்நடை வைத்தியரின் துணையோடு காலையில் கல்லூரி முற்றத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி முகாம் நடத்துவோம். மாலையில் பழைய மாணவரும் இன்றைய மாணவரும் கலந்து எல்லே ஆடுவோம். அன்று ஒரு பரிசு மட்டும் வழங்குவோம். முதலிடம் பெற்றவனுக்கு அன்று. ஒருமுறை தவறி மறுமுறை எழுந்து வந்த மாணவனுக்கு. பெயரை வாசிப்பதற்கு முன்பு அவனுடைய இசைவைக் கேட்டுக்கொள்வோம். பெரிய செலவு எதுவும் இல்லை. பொல்லும் பந்தும் நான் தருகின்றேன்.

வீமனுக்கும் இப்போது முதுமை. கண்ணிலே வெண்மை படர்ந்துள்ளது. வரம்பில் முன்னே நடந்தது, இன்று பின்னே வருகின்றது. சில நாள் நான் நின்று காத்திருக்கவேண்டியிருக்கின்றது. இத்தனை ஆண்டு அது எனக்காகக் காத்திருந்தது. இனி அதற்காக நான் காத்திருப்பது முறையே. கல்லூரியும் அவ்வாறே தன் பிள்ளைகளுட் பிந்தி வருவோருக்காகச் சற்றே நின்று காத்திருக்குமாயின், இவ்விழாவுக்கு அதனிலும் பெரிய சிறப்பு வேறில்லை.

கல்லூரித் தாய் நீடு வாழ்க!